தண்டும் சொல்லும்

இசுக்காட்லாந்தின் கீழைக் கடற்கரையில், பைஃபு என்னும் வட்டாரத்தில், ஆன்சுட்ரதர் என்றொரு சிற்றூர் உள்ளது. ஒருகாலத்தில் மீன்பிடி மரக்கலங்கள் துறையை அடைத்துக்கொண்டு நின்ற ஊர் அது. இன்று அவ்வூரின் பெயரை வெளியுலகிற்குச் சொல்லி நிற்பது, 1969-இல் அங்குத் திறக்கப்பெற்ற மீன்தொழிற் காட்சியகம். காட்சியகங்களுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. அங்கே படகு இருக்கும். படகில் ஆள் இரார். தண்டு இருக்கும், தண்டில் ஈரம் இராது. பொருளின் பெயரைத் தாளில் எழுதி ஒட்டியிருப்பர். அப்பெயரைக் கூவி அழைத்து 'அதை எடு' என்பார் ஒருவரும் இரார்.

இக்குறைக்கு அக்காட்சியகத்தார் ஒரு மாற்றுக் கண்டனர். அக்கரையோரத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் படகு வைத்து வலித்துப் போட்டியிட்டு வந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அவ்வழக்கம் ஓய்ந்தது. அதனை மீண்டும் எழுப்புதல் வேண்டும். எழுப்புங்கால், பொருள்வளமில்லாத சிற்றூரினரும் தம் கையாலேயே செய்துகொள்ளத்தக்க படகாக அஃது அமைதல் வேண்டும். இவ்விரண்டையும் கருதி, படகு வரைவில் பெரும்பெயர் பெற்ற இயன் ஔட்ரெட் என்பாரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. ஆத்திரேலியாவிற் பிறந்து இசுக்காட்லாந்தின் இசுகை தீவில் வாழ்ந்து 2024-இல் மறைந்த பெரியார் அவர். அவர் வரைந்தவாறு பலகைகளைப் பொறியால் அறுத்துத் தொகுதியாக்கித் தரும் பொறுப்பை அலெக் சோர்டன் என்னும் தொழிலர் ஏற்றார். 2009-இல் முதற்படகு நீரிலிறங்கியது. காட்சியகம் நிற்குமிடத்தில் முற்காலத்திருந்த சிறு வழிபாட்டு மனையின் பெயரால் அப்படகிற்குத் 'தூய அயில்சு' என்று பெயரிட்டனர். 2010-ஆம் ஆண்டு மே திங்களில் ஆன்சுட்ரதர்த் துறையிலேயே முதற்போட்டி நடந்தது. கரையோரப் படகு வலிப்போர்க்கென ஒரு கழகமும் அவ்வாண்டே அமைந்தது.

படகின் நீளம் 22 அடி. அகலம் ஆறடிக்குச் சற்றுக் குறைவு. முன்னும் பின்னும் ஒன்றுபோற் கூர்ந்த வடிவம். கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை மேற்பலகை சற்றே மூடுமாறு ஒன்றன்மேலொன்றாகப் படியவைத்த உடல். நால்வர் ஆளுக்கொரு தண்டு வலிப்பர். ஐந்தாமவர் பின்னே அமர்ந்து வழிதிருப்புவார். இருக்கை நகராது, பக்கவாட்டில் இருப்புக்கை நீட்டி வலிவு கூட்டும் நகர்ப்புறப் பந்தயப்படகின் உத்திகள் இதிற் கிடையா.

இங்கே ஒரு சொல் பற்றிக் கூறுதல் பொருந்தும். தமிழில் எல்லாவற்றையும் 'துடுப்பு' என்றே எழுதிவிடுகின்றனர். கையிற் பிடித்துத் தடையின்றி நீரைத் தள்ளுவது துடுப்பு. படகின் விளிம்பிற் பூட்டி, முதுகு முன்செல்ல அமர்ந்து வலிப்பது தண்டு எனப் பிரித்து வழங்கினால் இரண்டும் தெளிவாகும். தண்டு என்னும் சொல்லுக்கு இப்பொருள் அகரமுதலிகளிலேயே உள்ளது. அவ்வாறே, படகு செலுத்துவானை 'மாலுமி' என்கின்றனர். அது கடல்வணிகத்தோடு வந்த அரபுச்சொல். 'சுக்கானும்' அவ்வழியதே. மீகான், மீகாமன் என்னும் சொற்கள் இருக்க அயலிடம் கடன்பட வேண்டுவதில்லை. இது நிற்க.

முதற்போட்டி நடந்த பின் அப்படகு பரவிய விரைவே வியத்தற்குரியது. ஓரூர் கட்டியதைக் கண்டு அடுத்தவூர் கட்டிற்று. இன்று இசுக்காட்லாந்தின் கரைகளில் மட்டுமின்றி, இங்கிலாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து, வட அமெரிக்கா, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் இப்படகுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. 2013-இல் வடமேலைக் கரையிலுள்ள அலப்பூலில் உலகப்போட்டி நடந்தது. 2016-இல் வட அயர்லாந்தின் இசுட்ராங்ஃபோர்டுக் கடற்கழியிலும், 2019-இலும் 2025-இலும் இசுட்ரான்ராரிலும் நடந்தது.

எண்ணிக்கையிலும் மேலானது கட்டும் முறை. படகைக் கடையில் வாங்கி வருவதற்கில்லை. ஊரினர் பொருள் திரட்டுவர். ஒழிந்த கொட்டில் ஒன்றைத் தேடிப் பிடிப்பர். அறுத்த பலகைகள் வந்திறங்கும். ஆசிரியர், செவிலியர், ஓய்வு பெற்றோர், கடைக்காரர், உளிபிடித்தறியாத இளம்பெண்டிர் என ஊரிலுள்ளார் பலரும் மாலைப் பொழுதுகளிற் கூடுவர். முதலில் படகைக் கவிழ்ந்த நிலையிற் கட்டுவர். அச்சுச் சட்டங்களின்மேல் பலகையை வளைத்துப் பசையிட்டுப் பிடிகருவிகளால் இறுக்கி, உலர்ந்தபின் அடுத்த பலகை. உடல் முழுமையுற்ற நாளில் எல்லாருமாகக் கைகொடுத்துப் புரட்டுவர். அதன்பின்னரே இருக்கைப் பலகைகளும் தண்டுகளும். குளிர்காலம் முழுதும் இவ்வாறு கழியும். தச்சர் ஒருவர் தனித்திருந்து செய்தால் விரைவில் முடியக்கூடியதே. எனினும் ஊர் கூடிக் கட்டுவதே இவ்வியக்கத்தின் உட்கருத்து. பின்னர் அகவை பதினெட்டினரும் வலிப்பர், அறுபது கடந்தாரும் வலிப்பர். ஆடவர், பெண்டிர், இருபாலாரும் கலந்த குழுவினர் என்று போட்டிகள் பிரியும்.

இனி, இப்படகின் வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தல் வேண்டும். இவ்வாசிரியவுரைக்குப் பொருளாவதும் அதுவே.

ஔட்ரெட் இவ்வடிவைத் தம் கருத்தினின்று புதிதாகப் படைக்கவில்லை. இசுக்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்கினித் தீவுகளுக்கும் செட்லாந்துத் தீவுகளுக்கும் இடையே தனித்துக் கிடக்கும் ஃபேர் என்னும் சிறுதீவின் பழம்படகே இதற்கு முன்மாதிரி. அத்தீவினர் ஒடுங்கிய, எடைகுறைந்த அப்படகில் மூவராக ஏறி, ஆளுக்கிரண்டு தண்டு வலித்து, கடலோட்டம் சுழித்துப் பாயும் இடங்களிற் சென்று மீன் பிடித்தனர். செட்லாந்துத் தீவுகளில் மரம் மிக அரிது. ஓயாத காற்று அவற்றை எளிதில் வளரவிடுவதில்லை. பின் படகு எவ்வாறு வந்தது? கடலுக்கு அப்பாலுள்ள நார்வேயிலிருந்து வந்தது. பெர்கன் நகரைச் சூழ்ந்த பகுதிகளில் தச்சர் படகை முழுமையாகக் கட்டிப் பின் பிரித்து, உறுப்புகளைக் கப்பலேற்றி அனுப்புவர். செட்லாந்தார் அவற்றை வாங்கி மீண்டும் பூட்டிக்கொள்வர். 19-ஆம் நூற்றாண்டு வரை இவ்வணிகம் நடந்தது.

இதனை ஈண்டு எடுத்துரைத்தற்குக் கரணியம் உண்டு. 'தொகுதியாக வாங்கிப் பூட்டும் படகு எங்ஙனம் மரபுப்படகாகும்? ஒட்டுப்பலகையும் வேதிப்பசையும் முன்னோர் அறிந்தனவா?' என்று இப்புதுப்படகைக் குறைகூறுவார் உளர். மரம் வேறு, பசை வேறு என்பது மெய்யே. தேவதாருவின் இனப் பலகையை ஆணியறைந்து கட்டிய பழம்படகின் மணம் இதில் வராது. ஆயினும், பிரித்த படகை வாங்கி ஊரிற் பூட்டுதல் புதுமையன்று; அதுவே அத்தீவுகளின் பழைய வழக்கு. குறைகூறுவார் மரபை மேலோட்டமாக அறிந்தவர். தமிழிலும் இத்தகையார் உளர். வேர்ச்சொல்லினின்று 'பேருந்து' என்று ஆக்கியபோது, 'இப்படி ஒரு சொல்லைத் தொல்காப்பியர் அறிவாரா?' என்று நகையாடினர். இன்று அச்சொல் நடத்துநர் வாயிலும் சிறுபிள்ளை வாயிலும் வழங்குகிறது. வேரும் வடிவும் உரியனவாயின், கிளை புதிதாய் இருத்தல் குற்றமாகாது.

நார்வேயிலிருந்து வந்தது படகு மட்டுமன்று. மொழியும் அவ்வழியே வந்தது. செட்லாந்துத் தீவுகளில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிய மொழி இசுக்காட்டுமன்று, ஆங்கிலமுமன்று. வட கடலோடிகளின் பழமொழியினின்று கிளைத்த நோர்ன் என்பதே அவர்தம் தாய்மொழி. அம்மொழி எவ்வாறு மறைந்தது என்பது, தமிழர் ஒருமுறைக்கு இருமுறை படித்தறிதற்குரிய வரலாறு.

தென்மார்க்கையும் நார்வேயையும் ஆண்ட முதலாம் கிறித்தியன் தன் மகள் மார்கரெட்டை இசுக்காட்லாந்து மன்னன் மூன்றாம் சேம்சுக்கு மணம் பேசினான். மணக்கொடை 60,000 பொற்காசு. கையில் அத்தனை பொருளில்லை. 50,000 காசுக்கு ஈடாக 1468-இல் ஆர்க்கினித் தீவுகளை அடகு வைத்தான். எஞ்சிய பதினாயிரத்தில் 2,000 காசே திரட்ட முடிந்தது. குறைந்த 8,000 காசுக்கு 1469-இல் செட்லாந்தையும் அடகு வைத்தான். பின்வந்த மன்னர் மீட்க முயன்றும் அடகு மீளவில்லை. தீவு மக்களை எவரும் கேட்கவில்லை. காட்டையும் மேட்டையும் எழுதிக் கொடுப்பதுபோல மக்களையும் அவர்தம் நாவையும் எழுதிக் கொடுத்தனர்.

அதன்பின் நோர்ன் மொழியை எவரும் ஆணையிட்டுத் தடுத்ததாகச் சொல்வதற்கில்லை. தடை வேண்டியிருக்கவும் இல்லை. மன்றத்தில் இசுக்காட்டு மொழி வந்தது. வழிபாட்டு மனைக்கு இசுக்காட்லாந்திலிருந்து குரவர் வந்தனர். விவிலியம் நோர்னில் ஒருபோதும் பெயர்க்கப்படவேயில்லை. நிலம் வைத்திருந்தாரும் கடனும் கூலியும் கொடுத்தாரும் அயல்மொழி பேசினர். உயர்ந்தவை எல்லாம் பிறமொழியில், தாழ்ந்தவை மட்டும் தாய்மொழியில் என்றாகிவிட்டால், பிள்ளைகள் எதைக் கற்பர் என்று சொல்லவேண்டுவதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நோர்ன் பேசுவார் அற்றனர்.

பேசுவார் அற்றனர், ஆயினும் மொழி முற்றும் மறையவில்லை. அஃது ஓரிடத்தில் ஒளிந்திருந்தது. அவ்விடம் படகு.

செட்லாந்து மீனவர் கரையில் இசுக்காட்டுமொழியின் கிளையொன்றைப் பேசினர். படகேறியதும் அவர் சொற்கள் மாறின. தண்டைத் தாங்கும் முளை 'கேபு'. தண்டை அம்முளையோடு பிணிக்கும் கயிற்று வளையம் 'அம்லிபாண்டு'. அமரும் குறுக்குப்பலகை 'தாஃப்ட்டு'. அடித்தளத்திற் பரப்பும் பலகை 'தில்ஃபர்'. நீர் இறைக்கும் அகப்பை 'ஔசுக்கெரி'. இவை அனைத்தும் பழ வடமொழிச் சொற்கள் (ஈண்டு வடமொழி என்றது வடகடல் மொழியை, சமற்கிருதத்தை அன்று). படகின் பெயர்களோ இன்னும் தெளிவானவை. ஆறு தண்டுடைய பெரும்படகு 'சிக்சரீன்'. நான்கு தண்டுடையது 'போரரீன்'. எண்ணுப்பெயரும் தண்டின் பெயரும் சேர்ந்த கூட்டுச்சொற்கள் இவை. பேசத்தெரியாத மொழியில் தன் படகைப் பெயர்சொல்லி அழைத்துக்கொண்டிருந்தான் அம்மீனவன்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கரையில் வழங்கும் சில சொற்களைக் கடலிற் சொல்லலாகாது என்பது அவர்தம் உறுதியான நம்பிக்கை. வழிபாட்டு மனை, குரவர், பூனை முதலியவற்றைக் கடலிற் பெயர்சொல்லிக் குறித்தால் தீங்கு வரும் என்று அஞ்சினர். அவற்றிற்கெல்லாம் வேறு பெயர்கள் வைத்திருந்தனர். அப்பெயர்களிற் பெரும்பாலன நோர்ன். கரையிலே இழிவென்று கைவிட்ட மொழி, கடலிலே உயிர்காக்கும் மொழியாக எஞ்சியது.

அந்நம்பிக்கையை நகைப்பதற்கு முன், அவர் சென்ற கடலை எண்ணுதல் வேண்டும். மேல்மூடியில்லாத ஆறுதண்டுப் படகில், கரை கண்ணுக்கு மறையும் தொலைவுக்குச் சென்று, நீள்வடத் தூண்டில் விட்டு மீன் பிடித்தனர். மீனோ அவர்க்குரியதன்று, நிலமுடையார்க்குக் குடிக்கடனாகச் சென்றது. 1881 சூலை 20 இரவு திடுமென எழுந்த புயலில் 10 படகுகள் அழிந்தன. 58 பேர் மாண்டனர். மாண்டாரிற் பெரும்பாலோர் யெல் தீவின் குளூப்பு என்னும் ஒரே துறையைச் சேர்ந்தவர். மூடியில்லாப் படகில் ஆழ்கடல் செல்லும் அத்தொழில் அதன்பின் தளர்ந்து நூற்றாண்டின் இறுதியில் ஒடுங்கிற்று. தொழில் ஒடுங்கவே, அதனுள் ஒளிந்திருந்த சொற்களுக்கும் இறுதி நெருங்கியது.

அந்நிலையில், 1893-இல் ஓர் இளைஞர் அத்தீவுகளில் வந்திறங்கினார். யேக்கப் யேக்கப்சன் என்பது அவர் பெயர். 1864-இல் ஃபரோ தீவுகளிற் பிறந்தவர். 1895 வரை ஊர் ஊராக நடந்து முதிய மீனவரையும் மூதாட்டியரையும் கண்டு, அவர்தம் வாயில் எஞ்சியிருந்த நோர்ன் சொற்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் தொகுத்தவை ஏறத்தாழ 10,000 சொற்கள். கடல், காற்று, நீரோட்டம், படகு, மீன், ஆடு, வானிலை ஆகியவற்றின் சொற்களே அவற்றுள் மிகுதி. அரசியலுக்கும் மெய்யியலுக்கும் உரிய சொற்கள் இல்லை. மன்றத்திலும் கல்விக்கூடத்திலும் நுழையவிடாத மொழியில் அவை எங்ஙனம் எஞ்சும்? அவர்தம் சொல்லாய்வு அகரமுதலி 1908 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1918-இல் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதி அவர் மறைவுக்குப் பின் 1921-இல் நிறைவுற்றது. அவர் இருபதாண்டு பிந்தி வந்திருப்பின், அச்சொற்களிற் பலவற்றை இடுகாட்டிற்றான் கேட்டிருக்க வேண்டும்.

யேக்கப்சன் பிறந்த ஃபரோ தீவுகளையும் சற்றே நோக்குதல் வேண்டும். செட்லாந்தின் அண்டைத் தீவுக்கூட்டம். அதே வடகடலோடிகள் குடியேறியது. அதே குடும்பத்துப் படகு. நோர்னுக்கு உடன்பிறப்பான மொழி. அங்கும் மன்றத்திலும் வழிபாட்டிலும் பள்ளியிலும் தென்மார்க்கு மொழியே பலநூறு ஆண்டுகள் ஆண்டது. ஆயினும் அம்மக்கள் விட்டுக்கொடுத்திலர். 1846-இல் அம்மர்சைம்பு என்பார் அம்மொழிக்கு எழுத்துமுறை வகுத்தார். 1948-இல் தன்னாட்சி கிடைத்தபோது ஃபரோ மொழி அத்தீவுகளின் முதன்மொழியாயிற்று. இன்று அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 55,000 பேரே. தமிழகத்தின் ஒரு சிறுநகர மக்கள்தொகை. அவர்க்குத் தம் மொழியில் பள்ளியுண்டு, நாளிதழுண்டு, நூலுண்டு.

அந்நாட்டின் தேசிய விளையாட்டு எது? படகு வலித்தலே. ஐவர் படகு, அறுவர் படகு, எண்மர் படகு, பதின்மர் படகு எனப் பெயர்பெற்ற மரப்படகுகள் ஊர்தோறும் உண்டு. கோடையில் தீவுக்குத் தீவு போட்டி நடக்கும். இறுதிப்போட்டி சூலைத் திங்கள் கடைசியில், தலைநகரான தோர்சாவுனில், ஓலாவ்சோக்கா என்னும் நாட்டு விழாவில் நடைபெறும். சூலை 29-இல் நாட்டின் மன்றமும் அவ்விழாவிலேயே கூடித் தொடங்கும். ஆளும் மன்றமும் அலைமேற் படகும் ஒரே விழாவில், ஒரே மொழியில்! படகுதான் மொழியைக் காத்தது என்று சொல்லுதல் மிகை. ஆடலோடு கூடிய நெடும்பாட்டுகளும், பிடிவாதமான ஆசிரியர்களும், எழுத்துப் போராட்டமும் சேர்ந்து காத்தன. ஆனால் மொழி காக்கப்பட்ட இடத்தில் படகின் உறுப்புக்கு ஒரு காட்சியகத் தாள் தேவைப்படவில்லை; பத்து அகவைப் பிள்ளைக்கும் அதன் பெயர் தெரியும்.

மீண்டும் ஆன்சுட்ரதர்ப் படகிற்கு வருவோம். இப்புதுப்படகுகள் பலவற்றிலும் தண்டு மரமுளையிலேயே பூட்டப்படுகிறது; கயிற்று வளையமே அதனைப் பிணிக்கிறது. அஃதாவது, கேபும் அம்லிபாண்டும் பொருளளவில் மீண்டும் வந்துவிட்டன. சொல்லும் உடன்வந்ததா? செட்லாந்தில் அச்சொற்கள் வட்டாரப் பேச்சில் இன்றும் உள்ளன. பிற கரைகளில் ஆங்கிலச் சொல்லே வழங்குகிறது. ஒருமுறை அறுந்த நூலை முழுமையாக முடிந்துவிட முடியாது என்பதற்கு இஃது ஒரு சான்று. அதற்காக அவ்வூரினரைக் குறைகூறுதல் தகாது. அவர்கள் படகைத் திருப்பினர், அதுவே பெரிது. பொருள் கையில் இருக்குமாயின், சொல்லைத் தேடி எவரேனும் ஒருவர் யேக்கப்சனின் ஏட்டைப் புரட்டக்கூடும். பொருளே இல்லையாயின், ஏடு வெறும் ஏடு.

இனித் தமிழ்க்கரை.

அம்பி, திமில், பஃறி, தோணி, வங்கம் என்று கலத்துக்குக் கலம் வேறு பெயர் வைத்தது சங்கத் தமிழ். 'கட்டுமரம்' என்னும் சொல்லை ஆங்கிலம் தமிழிடமிருந்து பெற்றது. பெற்று, பொருளைத் திரித்து, இரட்டையுடற் படகுக்கு இட்டு வழங்குகிறது. சொல் உலகெங்கும் சென்றது. கட்டுமரமோ தன் கரையிலேயே அருகிவிட்டது. 1980-களில் வெளிப்பொறி பூட்டிய படகுகள் பரவலாயின. 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கரையைத் துடைத்தது. அதன்பின் உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். மீனவர் அவற்றை ஏற்றதில் ஒரு பிழையும் இல்லை. தடிகளைப் பிணித்த மிதவையில் நனைந்தபடி அமர்ந்து பிள்ளைகளுக்குச் சோறு தேடு என்று அவர்க்குச் சொல்ல, தாளில் எழுதுவார்க்கு உரிமை கிடையாது. இசுக்காட்லாந்திலும் மீன்பிடிக்க எவரும் இப்படகில் செல்வதில்லை. ஊரின் பெயரைத் தாங்கி வலிக்கவே செல்கின்றனர்.

ஆனால் தமிழ்க்கரையில் அழிவு இன்னும் முற்றவில்லை. இராமநாதபுரக் கரையில், தொண்டி மருங்கிலுள்ள ஊர்களில், கோயில் விழாக்களை ஒட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. அங்கே படகின் முன்பக்கத்துக்கு அணியம் என்ற பெயர் உயிரோடிருக்கிறது. பாய் விரிக்கும் குறுக்குமரம் பருமல். காற்றுக்குச் சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று பெயர் சொல்லும் முதியவர் உளர். இவை நூலிலிருந்து அவர் கற்றவையல்ல. நாளிதழ்களோ இப்போட்டியை ஒரு படத்தோடும் நான்கு வரியோடும் முடித்துவிடுகின்றன. அந்நான்கு வரியிலும் இரண்டு ஆங்கிலச்சொல்.

சென்னை மாநில மீன்துறையிற் பணியாற்றிய சேம்சு ஆர்னெல் என்னும் ஆங்கிலேயர், இந்நாட்டுப் படகு வடிவங்களை ஆராய்ந்து 1920-இலேயே நூல் வெளியிட்டார். அவர்தம் முடிபுகள் எல்லாம் ஏற்கத்தக்கன அல்ல. ஆயினும் கரையில் இறங்கிப் பார்த்தார், அளந்தார், எழுதினார். தமிழ் கற்று, தமிழால் ஊதியம் பெறும் புலவருட் பலர் நெய்தல் திணையை நாற்பதாண்டு பாடஞ்சொல்லியும், ஒரு வல்லத்தில் ஏறி அமர்ந்ததில்லை. முதல்கரு உரிப்பொருளை ஒப்பிக்கும் மாணவன், கரையிலிருந்து அரைக்கல் தொலைவில் வாழ்ந்தும், ஏரா என்பது படகின் எவ்வுறுப்பு என்று அறியான். வங்கு என்றால் பொந்து என்பான். படகின் விலாச்சட்டம் என்று சொன்னால் விழிப்பான். குற்றம் மாணவனுடையதன்று.

அரசு செய்யட்டும் என்று காத்திருப்பதிற் பயனில்லை. ஆன்சுட்ரதரில் தொடங்கியது அரசன்று. ஒரு காட்சியகம், ஒரு வரைஞர், ஒரு பலகை அறுப்பவர், பின்னர் ஊரினர். செட்லாந்தில் நடந்தது ஒரே ஒருவர். கையில் ஓர் ஏடு. கரையூர்ப் பள்ளிகளில் தமிழாசிரியர் இருக்கின்றனர். கோடை விடுமுறை இருக்கிறது. கட்டுமரம் பிணித்த கைகளும் வல்லத்தில் பாய் விரித்த கைகளும் இன்னும் சில இருக்கின்றன. மாணவர் நால்வரை அழைத்துக்கொண்டு கரைக்குப் போகலாம். சொற்பட்டியலை நீட்டி 'இதற்குத் தமிழ் என்ன?' என்று தேர்வு நடத்த வேண்டா. அவர்க்கு அது பிடிக்காது. கச்சானுக்கும் சோழகத்துக்கும் இடையே காற்று திரும்பும் நாளில் வல்லத்தை எப்படிக் கொண்டுவருவீர் ஐயா என்று கேட்டுவிட்டு, ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மணலில் அமர்ந்தால் போதும்.